கடம்பூரில் விளக்கை அணைத்தது யார்?

சாரல் விழுகிற ஜூலை மாத ராத்திரி. ஐந்தருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு, பிரானூர் பார்டரில் புரோட்டாவையும் ஒரு கை பார்த்துவிட்டுக் குற்றாலத்துக்குத் திரும்பிய குடும்பம் சீக்கிரம் தூங்கிவிடும் என்று நினைத்தால், நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. வாடகைக்குப் பிடித்த வீட்டின் வராந்தாவில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. உள்ளே டி.வி.யில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் அப்போதுதான் முடிந்திருந்தது. அக்கா மகள் எழுந்து வந்து கேட்டாள்:

“படத்துல கரிகாலனே சாவை விரும்பி வாங்கிக்கிற மாதிரி காட்டிட்டாங்க. புக்குல அவனைக் கொன்னது யாரு மாமா?”

அவ்வளவுதான். வராந்தா செஷன்ஸ் கோர்ட் ஆகிவிட்டது.

“பெரிய பழுவேட்டரையர்தான். அவரே ஒத்துக்கிட்டாருல்லா?” என்றார், பேங்க்கில் ரிட்டயர் ஆன அத்தான். கையெழுத்து இருந்தால் அவருக்குப் போதும்.

“நந்தினி கூப்பிடலேன்னா அவன் ஏன் அங்க போறான்?” என்றாள் மதினி.

“வால் நட்சத்திரம் தோணுனா ராஜ வம்சத்துல ஒரு உசுரு போவும்னு முதல்லயே சொல்லியாச்சுல்லா. எல்லாம் விதி” என்று அம்மா வழக்கை முடித்துவைக்கப் பார்த்தாள்.

“அது எந்தக் கடம்பூர்? நம்ம போளி கடம்பூரா?” என்றான் ஒரு சின்னப் பையன். கோவில்பட்டிப் பக்கம் ரயிலில் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருப்போம். கதையில் வருவது சம்புவரையரின் கடம்பூர். காட்டுமன்னார்கோவில் பக்கம். அங்கே போளி கிடையாது, கொலைதான்.

மூலையில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எண்பது தாண்டியவர். தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று தெரியவில்லை.

குற்றாலத்தில் உட்கார்ந்து கல்கியைப் பற்றிப் பேசுவது புதிய பழக்கமில்லை. ரசிகமணி டி.கே.சி. கடைசி வருஷங்களில் இங்கேதான் இருந்தார். அவரைப் பார்க்க ராஜாஜி வருவார், கல்கி வருவார். 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் ஆரம்பித்த ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே மாதம் முடிந்தது. ரசிகமணி அந்த வருஷம் பிப்ரவரியிலேயே போய்விட்டார். கல்கி டிசம்பரில். கதையின் கடைசி வரி வந்தபோது கல்கிக்குப் பிரியமான ரசிகர் ஒருவர் இல்லை; சில மாதங்களில் எழுதியவரும் இல்லை. கேள்வி மட்டும் எழுபது வருஷத்துக்கு மேலாகப் பாக்கி நிற்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதித்த கரிகாலன் சோழ நாட்டுப் பட்டத்து இளவரசன். மகா வீரன், மகா முன்கோபி. சின்ன வயதில் பழையாறையில் பட்டர் வீட்டில் வளர்ந்த நந்தினி மேல் அவனுக்கு ஆசை. பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். பெண் பாண்டிய நாட்டுக்குப் போய்விடுகிறாள். பிறகு ஒரு நாள், போரில் தோற்று அடிபட்ட வீரபாண்டியனைத் துரத்திக்கொண்டு ஒரு குடிசைக்குள் நுழைகிறான். அங்கே அவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பது நந்தினி. உயிர்ப்பிச்சை கேட்கிறாள். கரிகாலன் கொடுக்கவில்லை. எழுந்திருக்க முடியாமல் கிடந்தவனின் தலையை வெட்டிவிடுகிறான்.

அப்புறம் நந்தினி கிழவர் பழுவேட்டரையரைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூர் வருவதும், ரவிதாஸன் கோஷ்டியோடு சேர்ந்து பழி வாங்கக் காத்திருப்பதும், கரிகாலனைக் கடம்பூர் மாளிகைக்கு வரவழைப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நந்தினியின் அறை. வீரபாண்டியனின் மீன் சின்னம் போட்ட வாள். கரிகாலன் உள்ளே வருகிறான். ஒளிந்திருப்பவர்கள் பல பேர். விளக்கு அணைகிறது. மறுபடி வெளிச்சம் வரும்போது இளவரசன் செத்துக் கிடக்கிறான்.

இதில் கத்தி யாருடையது என்பதைத்தான் எல்லோரும் தேடுகிறோம். கல்கியும் நம்மைத் தேடவிடுகிறார். வாசகனை வாராவாரம் இழுத்துக்கொண்டு போக வேண்டிய தொடர்கதைக்காரர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நாலாவது முறையாகப் படித்தபோது எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது.

கொலைக்குப் பிறகு, “நான் கொன்றேன்” என்று சொல்வதற்கு இந்தக் கதையில் கியூ நிற்கிறது! வந்தியத்தேவனைக் காப்பாற்ற மணிமேகலை சொல்கிறாள், தான்தான் கொன்றதாக. பெரிய பழுவேட்டரையர் தான் எறிந்த கத்தி என்று சபையில் சொல்லித் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். ஒன்றும் செய்யாத வந்தியத்தேவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். பழி ஏற்க இத்தனை பேர். கொலைக்கு முன்னால் அந்த இளவரசனுக்காகப் பொறுப்பு ஏற்றவர்கள் எத்தனை பேர்?

நான் பி.காம். படித்தவன். எந்தக் கணக்கையும் கடைசிப் பக்கத்தில் பார்க்கக் கூடாது, முதல் பதிவிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வந்து பார்ப்போம்.

முதல் பதிவு சுந்தர சோழர். இளவரசராக இருந்தபோது ஒரு தீவில் ஊமைப் பெண் மந்தாகினியோடு வாழ்ந்தவர். அரண்மனைக்குத் திரும்பிய பிறகு அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவள் செத்துவிட்டாள் என்று நம்பி ராத்திரியெல்லாம் அலறுகிறார். அவள் உயிரோடு இருப்பது முதன்மந்திரி அநிருத்தருக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை. ராஜ்யத்தின் நன்மைக்காகவாம்.

அடுத்தது செம்பியன் மாதேவி, குந்தவை. ஒருவர் சிவபக்தியின் வடிவம், இன்னொருவர் புத்தியின் வடிவம். நந்தினி கரிகாலனுக்குச் சரிப்பட மாட்டாள் என்று முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். சின்ன வயது குந்தவையின் பொறாமையும் அதில் கொஞ்சம் உண்டு என்று பின்னால் அவளே ஒப்புக்கொள்கிறாள். சம்பந்தப்பட்ட பையனை உட்காரவைத்து ஒரு வார்த்தை முழுசாகப் பேசியிருப்பார்களா? மாமல்லபுரத்தில் பார்த்திபேந்திரனிடம் கரிகாலன் மனம் விட்டுப் புலம்புகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். யுத்தம் தெரியும், சாம்ராஜ்யம் தெரியும். தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

கடைசியில், நந்தினி உன் தங்கையாக இருக்கலாம் என்கிற செய்தி அவனுக்கு வருகிறது. எப்போது? கடம்பூருக்கு வந்து சேர்ந்த பிறகு, வந்தியத்தேவன் வாய்மொழியாக. அந்தச் செய்திகூட முழு உண்மையில்லை என்று கதை பின்னால் காட்டுகிறது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது பாதி உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தால், அது மருந்தா, விஷமா? அந்த அறைக்குள் அவன் உயிர் பிழைக்கும் உத்தேசத்தோடு போனதாகவே எனக்குத் தோன்றவில்லை.

“அப்போ கரிகாலன் பாவம், பெரியவங்கதான் காரணம்னு சொல்றீங்களா?” என்றாள் அக்கா மகள்.

இல்லை. அங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

குடிசைக்குள் வாளை ஓங்கியது சுந்தர சோழரின் ரகசியம் இல்லை, குந்தவையின் பொறாமை இல்லை. கரிகாலனின் கை. எதிரே கிடந்தவன் ஆயுதம் இல்லாதவன். கெஞ்சியவள் தான் நேசித்தவள். ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ‘போர்த் தர்மம்’ என்று சப்பைக்கட்டு கட்டலாம். அவனே கட்டவில்லை என்பதுதான் அவனுடைய பெருமை. அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. காஞ்சியில் அப்பாவுக்காகப் பொன்மாளிகை கட்டுகிறான். அதில் குடியிருக்க அவன் மனசு இல்லை. போகாதே என்று தாத்தா மலையமான் தடுக்கிறார், தங்கை சொல்லி அனுப்புகிறாள். கேட்கவில்லை. நந்தினியிடம் கணக்கை நேர் செய்யப் போகிறான். தான் செய்ததைத் தான் செய்ததாக, கொலை விழுவதற்கு முன்பே, சொல்லிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் இந்தக் கதையில் அவன்தான்.

அதனால் எல்லாப் பொறுப்பையும் பெரியவர்கள் தலையில் கட்டினால் கரிகாலனைக் கைக்குழந்தை ஆக்கிவிடுகிறோம். எல்லாவற்றையும் அவன் முன்கோபத்தின் தலையில் கட்டினால் பெரியவர்கள் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். குடிசைக்கு அவன் பொறுப்பு. கண்ணைக் கட்டிய மாதிரி அவன் கடம்பூருக்குப் போனதற்கு அவர்கள் பொறுப்பு. ஒன்று இன்னொன்றைக் கழித்துவிடாது.

இங்கே எனக்குக் கல்கி மேல் ஒரு சின்ன வருத்தம் உண்டு. பழுவேட்டரையரை மண்டியிட வைத்தார். நந்தினியைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்பினார். ஆனால், அநிருத்தரின் மௌனத்துக்கு ராஜதந்திரம் என்று பேர் வைத்துவிட்டார். குந்தவை மேல் அவருக்கு இருந்த பிரியம் ஊருக்கே தெரியும். கதை முடியும்போது அவர்கள் இருவரும் போட்ட சட்டை கசங்காமல் நிற்கிறார்கள். நல்லவர்கள் நல்லதுக்காகச் செய்த தவறுக்குக் கணக்கே எழுதவில்லை. நம் வீடுகளிலும் பெரும்பாலும் எழுதுவதில்லை. இந்தக் கதை இத்தனை வீடுகளில் பைண்டு பண்ணிப் பாதுகாக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று சில சமயம் சந்தேகம் வருகிறது.

சரித்திரம் என்ன சொல்கிறது என்று அத்தான் கேட்டார். சரித்திரமும் பாதியில்தான் நிறுத்துகிறது. காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடியில் ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்கிறது. அவர்களுடைய சொந்தபந்தங்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிப் பேசுகிறது. ரவிதாஸனுக்குப் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்றும், பரமேஸ்வரனுக்கு ‘இருமுடிசோழ பிரமாதிராஜன்’ என்றும் பட்டம். அதாவது, அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். கொலை நடந்து, நடுவில் உத்தம சோழன் ஆண்டு முடித்து, பிறகுதான் இந்தக் கல்வெட்டு. அதனாலேயே நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய அறிஞர்களுக்கே தீராத வழக்கு, குற்றால வராந்தாவில் தீருமா?

இன்னொன்று. நாங்கள் உட்கார்ந்து பேசுவது பாண்டிய நாட்டில். ரவிதாஸன் கோஷ்டியைக் கதை ‘சதிகாரர்கள்’ என்கிறது. அவர்கள் தங்களைப் பாண்டியனின் ‘ஆபத்துதவிகள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் அந்த வீரபாண்டியனுக்கு என்ன பட்டம் தெரியுமா? ‘சோழன் தலைகொண்ட’ வீரபாண்டியன். அடுத்த பதிவில் ஆதித்த கரிகாலனுக்கு ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்று பட்டம். அதற்கு அடுத்த பதிவு ஆதித்தனின் சாவு. ஒருவர் பற்று இன்னொருவர் வரவு. இந்தக் கணக்கை யாராவது ஒருத்தர், “சரி, என்னோடு இது நிற்கட்டும்” என்று சொல்லித்தான் மூட முடியும். குடிசையில் கரிகாலனுக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தது.

தமிழில் பொறுப்பு, பொறுமை, பொறுத்தல் எல்லாம் ஒரே வேர். பொறுப்பு என்றால் சுமப்பது. மன்னிப்பதற்கும் நம்மிடம் அதே சொல்தான். பழி வேறு. பழியை யார் தலையிலாவது போடலாம், நாமே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம், சாதாரணமாகக் காரியம் முடிந்த பிறகு. பொறுப்பைக் காரியத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். தப்பினால், பின்னாலாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு ஒரு மகன் இருந்தான். எனக்கு அண்ணன். நன்றாகப் படித்தவன், நன்றாகப் பாடுவான், அருவியில் அவனோடு குளித்தால் எங்களுக்குப் பயமே கிடையாது. ஒரு பெண்ணை விரும்பினான். வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது. 2001-ல், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அண்ணன் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்து, “அவ கையில குடுத்துரு, யாருக்கும் தெரியக் கூடாது” என்றான். நான் பி.காம். இரண்டாம் வருஷம். சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில் திரும்பி வந்து கவரைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். எல்லோருக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு குடிக்க ஆரம்பித்தான். 2012-ல் ஈரல் போய்ச் செத்தான். “குடி கெடுத்துருச்சு” என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. குடித்தது அவன்தான், அதில் சந்தேகமில்லை. எத்தனையோ பேர் தேறி எழுந்திருக்கிறார்கள், அவன் எழவில்லை. அது அவன் கணக்கு. அந்தக் கவர் என் கணக்கு. எந்த ஓலையும் சேர வேண்டியவர் கையில் சேர வந்தியத்தேவன் படுகிற பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம் வரும். வருஷா வருஷம் சாரலுக்குக் கூடுகிறோம், கரிகாலனுக்காக நடுராத்திரி வரை வாதாடுகிறோம். அண்ணன் பேரை யாரும் எடுப்பதில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பாவைத் தென்காசிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோபுர வாசலில் எப்போதும்போலக் காற்று. சோழர்களுக்கு ரொம்பக் காலம் கழித்து, 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். இந்தக் கோயில் பிற்காலத்தில் பழுதுபட்டால் அதைச் சரி செய்கிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் எழுதிவைத்த ராஜா அவன். தான் செய்ததும் உடையும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டவன். கோபுரம் உடையத்தான் செய்தது. ரொம்ப வருஷம் மொட்டையாக நின்றதைத் திரும்பக் கட்டி 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள்.

வாசல் திண்ணையில் உட்கார்ந்ததும், “பெரியப்பா, அந்தக் கவர்...” என்று ஆரம்பித்தேன்.

“பீரோவுல இருக்கு” என்றார். “பிரிக்கல. கிழிக்கவும் மனசு வரல.” கொஞ்ச நேரம் கழித்து, “ராத்திரி எல்லாரும் பேசும்போது நானும் சொல்லிறலாம்னுதான் இருந்தேன்” என்றார்.

அவருக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கும்.

அக்கா மகளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கத்தி யாருடையது என்று எனக்குத் தெரியாதும்மா. கல்கி விளக்கை அணைத்துவிட்டார். ஆனால், விளக்கு எரிந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் அந்த வீட்டில் யார் யார் பேசாமல் இருந்தார்கள் என்பதைப் புத்தகத்தில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை அதைப் படி. படித்துவிட்டு, உன் பெரிய தாத்தாவிடம் போய் அண்ணனைப் பற்றிக் கேள். சொல்லுவார்.